கழுவிக் கவிழ்த்த கடதாசிக் கப்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் தங்கச்சியின் மூத்தவன் சூரிச்சிலே பொறியியல் படித்து முடித்துவிட்டான். பட்டம் கைக்கு வரமுன்பே வேலையும் வந்துவிட்டது. அவளின் இளையவள் பேர்னிலே பல்வைத்தியத்துக்குப் படிக்கிறாள். போன கிழமை என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இருக்கிறதே பதினொண்டு, அதிலை நாலு சும்மா ஒப்புக்கு நிக்குது" என்றாள். உன்னுடைய இளையவன் லோசானிலே சட்டம் படிக்கிறான். ஐந்தாம் வகுப்புப் படித்த கிழவியின் பேரன் பிரெஞ்சிலே வழக்குப் பேசப்போகிறான். உன்னுடைய மூத்தவள் பாசலிலே மருந்துக் கொம்பனியில் ஆராய்ச்சி செய்கிறாள். நோயாளியைத் தொடாத டொக்டர், ஆனாலும் டொக்டர்தான். நாலு பேரும் நாலு ரத்தினம். இதை நான் லாங்கன்தால் கடையில் மரக்கறி தெரிவு செய்துகொண்டு சொல்லியிருக்கிறேன், கோயில் வீதியில் சொல்லியிருக்கிறேன், பக்கத்து வீட்டுச் சுவிஸ் மனிசிக்குக் கையாலும் காலாலும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தமிழ்ப் பாடசாலை மலருக்கு, பிள்ளைகளைப் பற்றி மூத்தவர்கள் ஏதும் எழுதித் தரவேணும் என்று கேட்டார்கள். மேலே எழுதியதோடு நிற்பாட்டிக் கொடுத்திருந்தால் எல்லாரும் சந்தோஷமாக வாசித்திருப்பார்கள். ஆனால் தம்பி, நீ என்னோடு கதைத்து எட்டு மாதமாகிறது. ஏன் என்று ஊருக்குத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு, "அவனுக்கு வேலை, மூச்சு விட நேரமில்லை" என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் செய்தது ஏழு பேர் இருந்த அறையிலே, அத்தனை பேரும் பார்க்கச் செய்த பிழை. அதற்கு உன் காதுக்குள்ளே மட்டும் மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஒரு ஒளிப்புத்தான். ஆனபடியால் எல்லாரும் வாசிக்கட்டும். பேர் ஒன்றும் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குப் பேர் தேவையில்லை.

உன் மூத்தவள் தனக்கு ஒரு பெடியனைப் பிடித்திருக்கு என்று சொன்ன அன்றைக்கு நீயும் மருமகளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். கிழவி குதிக்கப்போகுது என்று நினைத்தீர்கள். நான் குதிக்கவில்லை. "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டேன். "இந்தியா, அப்பம்மா. மராட்டியர். உங்கடை சிவாஜி மகாராசாவின்ர நாடு" என்றாள். அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். சின்னனிலே அவளுக்குச் சோறு தீத்தும்போது நான் சொன்ன ஒரே ராசா கதை அதுதானே. வடக்கே பெரிய பாதுஷாவின் காவலுக்குள்ளே அகப்பட்ட மராட்டிய ராசா, நோய் வந்த வருத்தக்காரன்போலப் படுத்துக் கிடந்து, சாமிமாருக்குப் பலகாரம் அனுப்புகிற பெரிய கூடைகளுக்குள்ளே மகனோடு ஒளித்துத் தப்பின கதை. காவல்காரன் கூடையைத் திறந்து பார்ப்பானோ மாட்டானோ என்கிற இடத்தில் நான் நிற்பாட்டுவேன், அவள் வாயைத் திறப்பாள், ஒரு பிடி உள்ளே போகும்.

அந்தக் கிழமையே எனக்கு நாக்கு நிற்கவில்லை. சூரிச்சிலே நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்குப் போய், "என்ரை பேத்தி சிவாஜி வம்சத்திலை கலியாணம் செய்யப்போறாள்" என்றேன். கடைக்காரத் தம்பி முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "எந்தச் சிவாஜி ஆச்சி, படத்திலை நடிச்சவரோ?" என்று கேட்டான். "போடா விசரா, கோட்டை கட்டி ஆண்டவர்" என்றேன். "அப்ப சீதனமா ஒரு கோட்டை எழுதுவினமோ, கேட்டுப் பாருங்கோ" என்றான். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் தம்பி, வம்சம் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் நாடு என்றாள். வம்சத்தை நானாகத்தான் சேர்த்தேன்.

பிறகு அந்தப் பிள்ளையின் தாய் இந்தியாவிலிருந்து மூன்று கிழமை லீவிலே வந்தா. பாசலிலே உன்னுடைய வீட்டிலே எல்லாரும் சந்திக்கிறது என்று முடிவு. நானும் உன் தங்கச்சியும் ஒல்ரனில் ரயில் மாறி வந்து சேர்ந்தோம். மடியிலே பயற்றம் பணியாரப் பெட்டி. மருமகள் புறோக்கி என்கிற பழைய சாமான் கடையில் தேடி எடுத்த பூப்போட்ட பீங்கான் கப்புகளை அடுக்கி வைத்திருந்தாள். அந்த அம்மா பச்சை நூல் சேலை உடுத்து வந்தா. என்னைவிட ஒரு இருபது வயது குறைவிருக்கும். உள்ளே வந்த உடனே குனிந்து என் காலைத் தொட்டா. நான் தலையிலே கைவைத்து, நல்லாய் இரு பிள்ளை என்றேன். பக்கத்தில் இருத்தி, பணியாரத்தை என் கையாலே எடுத்துக் கொடுத்தேன். முதல் தேத்தண்ணி எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கப்பில்தான் வந்தது. அதுவரைக்கும் நான் நல்ல மனிசிதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, அது உனக்கும் தெரியும், வாசிக்கிறவர்களுக்கும் தெரியும். டிராமிலே ஒரு தமிழ் முகத்தைக் கண்டால், "ஊரிலை எவடம்?" என்போம். ஊர்ப்பேர் சொன்னால் போதாது. அதிலே எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆரின் வளவுக்குக் கிட்ட என்று ஒவ்வொரு படியாக இறங்குவோம். மற்ற ஆளுக்கும் விளங்கும், அவரும் அதே மாதிரி இறங்குவார். சாதி என்கிற சொல் ஒருத்தர் வாயிலும் வராது. வராமலே அளந்து முடித்துவிடுவோம். அன்றைக்கு எனக்கு அந்த நாட்டுக் கோயிலடி தெரியாது, ஒழுங்கை தெரியாது. அளக்கக் கோல் இல்லாமல் நேராகவே கேட்டேன்.

"இவை எந்தப் பகுதி எண்டு கேளன் பிள்ளை."

"அப்பம்மா, அதை நான் கேக்கமாட்டன்" என்றாள் உன் மூத்தவள்.

"ஏன், நீ என்ன பெரிய துரைச்சாணியோ? ஒரு சொல்லுத்தானே!"

என் குணம் கொஞ்சம் ஒட்டின உன் தங்கச்சி ஆங்கிலத்தில் கேட்டேவிட்டாள். அந்தப் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தான். தாய் சிரித்துக்கொண்டு தங்கள் பாஷையில் சொன்னா, அவன் ஆங்கிலத்தில் சொன்னான், உன் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "எங்களை ஊருக்கு வெளியிலை வைச்சிருந்தவை. என்ரை மாமனார் காலத்திலை புத்த சமயத்துக்கு வந்தனாங்கள்." பிறகு என் கையைத் தொட்டு, "உங்களுக்கு எங்கடை ராசாவிலை விருப்பமாம் எண்டு பேத்தி சொன்னவ. உங்களுக்குத் தெரியுமோ, நீங்கள் இப்ப கேட்ட கேள்வியைத்தான் அவரையும் கேட்டவை" என்றா.

"ராசாவையோ?" என்றேன்.

ஓம், ராசாவைத்தான். எத்தனையோ கோட்டை பிடித்து, கடலிலே கப்பல் விட்டு, பெரிய பெரிய படையை எல்லாம் திருப்பி அனுப்பினவர், முடிசூடப் போனபோது அங்கத்தைப் பிராமணர், நீ முடி சூடுகிற குலமில்லை என்று மறுத்தார்களாம். கடைசியிலே காசியிலிருந்து ஒரு பண்டிதர் வந்து, வம்சத்தை எடுத்துக் காட்டி, அந்த வயதிலே பூணூல் போட்டுத்தான் முடிசூட்டினதாம். "எங்கடை ஆக்களும் அவற்றை கோட்டையளைக் காத்தவை. அதாலை அவர் எங்களுக்கும் ராசா" என்று அந்த அம்மா முடித்தா. எவ்வளவு மரியாதையான பதில்! என் கேள்வியிலே இருந்த அசிங்கத்தை என் மேலே படாமல் துடைத்து, நீ மட்டும் கேட்கவில்லை, உலகமே இப்படித்தான் கேட்டது என்று எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டா. நான் அதாலே வெளியே வரவில்லை. எனக்கு வம்சம் போச்சு என்பதுதான் காதிலே விழுந்தது. கடையிலே சிரித்தவர்கள் இனி எப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன்.

இரண்டாம் தேத்தண்ணியை நானே ஊற்றுகிறேன் என்று குசினிக்குப் போனேன். ஆறு கப்பைத் தட்டிலே வைத்தேன். ஏழாவதும் அங்கேதான், கழுவித் துடைத்துக் கண்ணுக்கு முன்னாலே இருந்தது. மேலே அலுமாரித் தட்டைத் திறந்தேன். ஆரோ பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின கடதாசிக் கப், பலூன் படம் போட்டது. அதிலே ஒன்றை உருவினேன். என் கை நடுங்கவில்லை, தம்பி. அதைத்தான் இப்போது நினைக்க நினைக்கத் தாங்கமுடியவில்லை. யோசித்துச் செய்த மாதிரியே இல்லை, பழகின வேலை செய்கிற மாதிரி அந்தக் கை செய்தது. கொண்டுபோய் ஆறு பேருக்குப் பீங்கான், அந்த அம்மாவுக்கு மட்டும் பலூன்.

நீ கண்டாய். மருமகள் கண்டாள். "கப் காணாது" என்று நான் ஆரும் கேட்காமலே சொன்னேன். எங்களுக்குள்ளே ஒரு பொதுப் பாஷை இல்லை, ஆனால் அந்தக் கப் அந்த அம்மாவுக்கு நல்லாய்த் தெரிந்த பாஷை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தா. பிறகு இரண்டு கையாலும் பிடித்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தா. எழும்பிக் குசினிக்குப் போனா. தண்ணி திறக்கிற சத்தம் கேட்டது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கடதாசிக் கப்பைக் கழுவி, மருமகளின் பீங்கான்களுக்குப் பக்கத்திலே கவிழ்த்து வைத்தா. நாங்கள் ஒதுக்கினவர்கள் தாங்கள் குடித்த பாத்திரத்தைத் தாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேணும் என்கிற சட்டம் எங்கள் ஊரில் மட்டும்தான் இருந்தது என்று நினைத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, திரும்பவும் என்னைக் கும்பிட்டுவிட்டு, மகனோடு படியிறங்கிப் போனா. உன் மகள் பின்னாலேயே ஓடினாள். என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ என்னையும் தங்கச்சியையும் ஸ்டேசனுக்குக் கூட்டிவந்தாய். மேடையிலே ரயில் வந்து நின்ற பிறகுதான், "அம்மா, அங்கை சிரட்டை, இங்கை கடதாசி. நான் உங்களை எத்தினை நாடு தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றாய். "இனி நான் கூப்பிடாமல் வராதைங்கோ."

சிரட்டை என்று நீ சொன்னது எதை என்று எனக்குத் தெரியும். உனக்கு ஆறு வயதிருக்கும். வேலி அடைக்க வந்த மனிசனுக்கு நான் சிரட்டையிலே தேத்தண்ணி ஊற்றினேன். அவருக்கு என் ஐயாவின் வயது. "ஏன் அவருக்கு எங்களைப்போலக் குடிக்கப் பேணி இல்லையோ?" என்று நீ அவர் கேட்கக் கேட்டாய். நான் உன் வாயிலே அடித்தேன். அந்த மனிசன்தான், "விடுங்கோ பிள்ளை, குழந்தைக்கு என்ன தெரியும்" என்று உனக்காகப் பரிந்து பேசினார். நீ மறந்திருப்பாய் என்று ஐம்பது வருசமாக நினைத்திருந்தேன்.

இந்த எட்டு மாதமும் நான் என்ன செய்தேன் என்று கேள். தங்கச்சியின் மூத்தவனைப் பிடித்து, அந்த ராசாவைப் பற்றிக் கிடைக்கிறதை எல்லாம் வாசித்துச் சொல்லச் சொன்னேன். அவன் ஜெர்மனிலே வாசித்துத் தமிழிலே சொல்வான். ஒருதரம் முடிசூட்டினது போதாது, சடங்கு பிழையாய்ப் போச்சு என்று சொல்லி, இரண்டாம் தரமும் சூட்டினார்களாம். அவரை வளர்த்து ஆளாக்கின தாய், முதல் முடிசூட்டைக் கண்ணாலே பார்த்து, பன்னிரண்டு நாளிலே செத்துப்போனாவாம். அந்த இடத்திலே கொஞ்சம் நிற்பாட்டடா என்றேன். அந்தத் தாய் எதைக் கண்டுவிட்டுப் போயிருப்பா? மகனின் தலையிலே இருந்த முடியையோ, அதைச் சூட்டமாட்டோம் என்று நின்றவர்களின் முகத்தையோ? இப்போதும் அங்கே அவரைச் சண்டைக்கு இழுக்கிறவர்களும் இருக்கிறார்களாம், அவர் பேரைச் சொல்லித் தலை நிமிர்ந்து நடக்கிறவர்களும் இருக்கிறார்களாம். ஆளுக்கொரு ராசாவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். "அம்மம்மா, நீங்களும் ஒரு துண்டு வெட்டினனீங்கள்தானே" என்றான் அவன். சின்னப் பெடியன் சொன்னது என்று சிரித்து விடமுடியவில்லை.

இனி உனக்கும் தெரியாத ஒன்று சொல்கிறேன். நான் ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றேன் என்று கேட்டபோதெல்லாம், வீட்டிலே கஷ்டம் என்று சொன்னேன். கஷ்டம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த புது வாத்தியார், நிலத்திலே இருந்த பிள்ளைகளை எழுப்பி எங்களோடு வாங்குப் பலகையிலே இருத்தினார். எனக்குப் பக்கத்திலே ஒருத்தி வந்தாள். அவளிடம் புத்தகமில்லை. என்னுடைய புத்தகத்தை நடுவிலே வைத்து, இரண்டு தலையும் முட்ட முட்ட வாசித்தோம். அவள் என்னைவிட வேகம், நான் பக்கத்தை முடிக்கும்வரை பேசாமல் காத்திருப்பாள். நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த பாடம்தான் அந்தக் கூடைக் கதை. ராசா கூடைக்குள்ளே போய்விட்டார். அடுத்த பக்கத்தை அவள் திருப்பக் கை வைத்தபோது வாசலிலே என் ஐயா நின்றார். என்னைக் கையிலே பிடித்து இழுத்துக்கொண்டு போனார், புத்தகத்தை விட்டுவிட்டு. நான் திரும்பப் போகவேயில்லை. ஐயா செய்தது சரி என்று எழுபது வயது தாண்டியும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் படிப்பைத் தின்றது எது என்று தெரிந்துகொண்டே, அதற்கே பரிந்து நின்றேன். நானாவது வீட்டிலே பாய் போட்டுப் படுத்து அழுதேன். புத்தகத்தோடு தனியாக அந்த வாங்கிலே இருந்தவள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உன் வீட்டுக் குசினியில் அந்தத் தண்ணிச் சத்தம் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன்.

2009இலே பேர்னிலே குளிருக்குள்ளே எல்லாரும் ஆர்ப்பாட்டத்துக்குப் போய் நின்றோமே, நினைவிருக்கா? ஊரிலே சண்டைக்குள்ளே எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலே நின்ற ஒரு மனிசி பிளாஸ்க் மூடியிலே தேத்தண்ணி ஊற்றித் தந்தா. அவ குடித்த அதே மூடி. நான் வாங்கிக் குடித்தேன், பிறகு உன் தங்கச்சி குடித்தாள். ஊரிலே எவடம் என்று நான் கேட்கவில்லை. அழுதுகொண்டு நிற்கும்போது கேட்கத் தோன்றாதது, பணியாரமும் பூக்கப்புமாய் நல்லாய் இருக்கும்போது தோன்றியது. உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமென்றால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். கஷ்டத்திலே நாங்கள் எப்படி இருந்தோம் என்று பார்த்து எங்களை நல்லவர்கள் என்று நம்பிவிடாதே. வீட்டிலே நல்ல காரியம் நடக்கும்போது எங்கள் கை எந்தத் தட்டைத் திறக்கிறது என்று பார்.

ஒருநாள் உன் சொல்லை மீறினேன். மத்தியானம் தனியாக ரயிலேறி, உன் வீட்டுக்கு எதிரேயிருக்கிற டிராம் தரிப்பிலே வந்து இருந்தேன். எட்டு டிராம் போகவிட்டேன். உன் மகளும் அந்தப் பிள்ளையும் சாமான் பைகளோடு வந்தார்கள். அவன் ஏதோ சொல்ல அவள் நின்று நின்று சிரித்தாள். கூப்பிட வாய் வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? அடுத்த டிராமிலே ஏறிவிட்டேன். இரண்டு கிழமை கழித்து, அவர்கள் பதிந்துவிட்டார்கள் என்றும், கலியாணத்துக்கு அந்த அம்மா திரும்ப வந்து போனா என்றும் தங்கச்சி சொன்னாள். எனக்குச் சொல்லவில்லையே என்று நான் கோபப்படவில்லை. வந்திருந்தால் அங்கே நின்ற எல்லாருக்கும் நான்தான் பயமாக இருந்திருப்பேன்.

என்னைக் கூப்பிடு என்று இந்தக் கடிதத்தில் கேட்க எனக்கு உரிமையில்லை. உன் மகள் என்னை மன்னிக்க வேண்டாம், அவளுக்கு மனம் வருகிற நாள் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இதை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, தாய்க்குத் தங்கள் பாஷையில் வாசித்துச் சொல்லச் சொல். கப் காணாது என்று நான் சொன்னது பொய், ஏழாவது கப் இருந்தது என்கிற வரியை விட்டுவிடாமல் வாசிக்கச் சொல். அவ என்ன சொன்னாலும், ஒன்றும் சொல்லாவிட்டாலும், அது அவவின் இஷ்டம்.

இன்னும் ஒன்று. கலியாணத்திலே எடுத்ததிலே ஒரு புதுப் படம் எனக்குத் தபாலிலே போட்டுவிடு. ரெலிபோனிலே அனுப்பாதே, சட்டம் போடக்கூடிய பெரிய படமாய்ப் போடு. உன் மகளும் மருமகனும் இருக்கவேணும், நடுவிலே அந்த அம்மா கதிரையிலே இருக்கவேணும். முன் அறையிலே, வாறவர்கள் இருக்கிற இடத்துக்கு நேரே மாட்டப்போகிறேன். எங்கள் ஆட்கள் வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், படத்தைப் பார்த்து, "இவ ஆர், எந்த இடம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அவ எனக்குச் சொன்ன மாதிரியே ஒரு சொல்லும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, என் சம்பந்தி என்று சொல்வேன்.

அம்மா
லாங்கன்தால்